பழைய ஆட்டமும் புதிய பொறியும்

ஓர் ஆட்டப் பொறி. 2000-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் ஜப்பானில் கடைக்கு வந்தது. அதன் மூளையின் துடிப்பு நொடிக்கு 29 கோடியே 49 லட்சம். மற்றொன்று, நான் பிளஸ் டூ படித்த காலத்தில் தமிழக அரசு விலையின்றித் தந்த மடிக்கணினி. அதன் துடிப்பு நொடிக்கு 200 கோடிக்கும் சற்று மேல். ஏறக்குறைய ஏழு மடங்கு வேகம்! முன்னதன் ஆட்டத்தைப் பின்னதில் ஏற்றி ஓடவிட்டால் என்ன நேர வேண்டும்? பறக்க வேண்டும் அன்றோ? பறக்கவில்லை, தோழர்களே. பந்து வீச ஓடி வருகிறவன் கண்மாய்த் தண்ணீருக்குள் நடப்பவனைப் போல வருகிறான். பார்வையாளரின் ஆரவாரம் கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போல விட்டு விட்டுக் கேட்கிறது.

"கால் நூற்றாண்டுப் பழசுக்கு இவ்வளவு பெரிய கணிப்பொறி எதற்கு?" என்று நம் சங்கத்து நண்பர்கள் என்னை ஓயாமல் கேட்டுவிட்டார்கள். பௌதிகம் படிக்கிறவள் ஆட்டத்தில் பொழுது போக்குகிறாளே என்ற ஐயமும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்ததை நான் அறிவேன். இரண்டுக்கும் சேர்த்தே இங்கு விடை சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூரில் அவர் டி.வி. மெக்கானிக். ரயிலில் போகிறவர்களுக்குச் சேவும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கும் ஊர் என்ற அளவில் சாத்தூர் தெரிந்திருக்கும். அந்த ஊரில், பழுது பார்க்க வரும் டி.வி.க்கள் குறையத் தொடங்கிய 2006-இல், அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி நான்கு பிளேஸ்டேஷன் 2 பொறிகளைக் கடையில் வைத்தார். மணிக்குப் பத்து ரூபாய். பள்ளி விட்டதும் பையன்கள் மொய்த்தார்கள். மேலத்தெரு, வடக்குரத வீதி என்று ஊரே அங்கு வந்து கிரிக்கெட் ஆடிற்று. 2014-இல் கடை மூடப்பட்டது. ஒவ்வொரு பையன் கையிலும் செல்பேசி வந்த பிறகு மணிக்குப் பத்து ரூபாய் கொடுக்க யார் வருவார்கள்?

கடை நடந்த எட்டு ஆண்டும் ஊர் அவரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: பிள்ளைகளைக் கெடுக்கிறார். ஒருநாள் ஒரு பெரியவர் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இன்றும் அந்தக் கடைப் பேச்சை எடுத்தால், "எட்டு வருசம் வீணாப் போச்சு தாயி. கெட்ட பேரு வாங்குனதுதான் மிச்சம்" என்று முடித்துவிடுவார்.

எனக்கு அந்தக் கடையில் பகலில் இடமில்லை. பையன்கள் கூடும் இடம் அல்லவா? இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பின் அரை மணி நேரம் எனக்கு. அப்பா கணக்கு எழுதுவார், நான் ஆடுவேன். அந்த அரை மணி நேரத்தில்தான், டி.வி.யில் ஓடுகிற மனிதனை ஓட வைப்பது எது என்று நான் முதன்முதலாகக் கேட்டேன். அவரும் ஒரு பழைய பொறியைத் திறந்து உள்ளே காட்டினார். நான் விஞ்ஞானம் படிக்க வந்ததன் காரணத்தை யாரேனும் கேட்டால் கலாசாலைப் பேராசிரியர் பெயரைச் சொல்லுவதுதான் மரியாதை. உண்மை அந்த ஷட்டருக்குள் இருக்கிறது.

2025 மே மாத விடுமுறையில் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு சேவு டின் கிடைத்தது. உள்ளே பதினொரு மெமரி கார்டுகள். இதைச் சற்று விளக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 தன்னுள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆட்டத்தை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதைத் தனியே செருகும் 8 மெகாபைட் கார்டில்தான் எழுதும். வாடிக்கைப் பையன்கள் காசு சேர்த்து ஆளுக்கொரு கார்டு வாங்கி, வீட்டில் வைத்தால் அடி விழும் என்று கடையிலேயே விட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி அப்பாவின் கையெழுத்து: 'பேக்கரி', 'டெய்லர் மகன்', '10-பி', 'மேலத்தெரு சின்னவன்'. ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை.

"எதுக்கும்மா அந்தக் குப்பை? தூரப் போடு" என்றார் அப்பா. நான் போடவில்லை. அதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று, பௌதிகமும் கூட. கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் வகைச் சில்லு. காப்புப் படலம் சூழ்ந்த ஒரு நுண்ணிய தீவில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதே அதன் வேலை. தீவில் எலெக்ட்ரான்கள் நிறைந்திருந்தால் அது சுழி, காலியாயிருந்தால் ஒன்று. சிறைச்சுவரின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். அவ்வளவு மெல்லிய சுவர் வழியே எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாய்க் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். இத்தகைய சில்லுகளுக்குச் செய்தவர்கள் சொல்லும் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. கடை மூடி அப்போது பதினொரு ஆண்டு. அதுவும் சாத்தூர் வெயிலில், தகர டின்னுக்குள்! பையன்களின் ஆட்டமெல்லாம் கணந்தோறும் ஆவியாகிக் கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது?

எனவே டின்னையும், மிஞ்சியிருந்த ஒரே நல்ல பொறியையும், ஒரு கட்டுத் தட்டுகளையும் மூட்டை கட்டி, சென்னையில் வண்டி மாறி ஹவுராவுக்குக் கொண்டு வந்தேன். கரியாஹாட் சந்தைக்குப் பின்புறச் சந்தில் நான் தங்கியிருக்கும் வீட்டு மாஷிமா, மூட்டையைப் பார்த்து ஊரிலிருந்து மாவடு வந்திருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்தார். பாவம்!

முதல் வேலை படியெடுப்பது. பழைய பொறியில் கார்டை ஒவ்வொன்றாகச் செருகி, அதற்கென ஆர்வலர்கள் எழுதிய ஒரு சிறு நிரலைக்கொண்டு பென் டிரைவுக்கு மாற்றினேன். எட்டு கார்டுகள் முழுமையாக வந்தன. ஒன்று அரைகுறை. இரண்டு வெறுமை, அவற்றுள் ஒன்று '10-பி'. அதே நிரலால் பொறியின் அடிப்படை நிரலான பயாஸையும் எடுத்து வைத்தேன். அது எங்கள் பொறியிலிருந்து எடுக்கப்பட்ட எங்கள் பயாஸ். வேறு எங்கிருந்தோ இறக்கிக்கொள்வது சரியன்று என்பது என் கட்சி. இது முடிந்த ஆகஸ்டில், பத்தொன்பது ஆண்டு உழைத்த அந்தப் பொறியின் லென்ஸ், இவ்வூர் மழைக்காற்றையும் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

கையில் இப்போது ஒன்பது கோப்புகள். கோப்பின் பெயரிலுள்ள குறியீடு அது எந்த ஆட்டம் என்று சொல்லும். எழுதிய தேதியும் நேரமும் இருக்கும். ஆனால் ஒரு வேடிக்கை, அந்த நேரம் உலகில் எங்கு ஆடினாலும் ஜப்பானிய நேரமாகவே பதியப்பட்டிருக்கும். மூன்றரை மணியைக் கழித்தால் நம் நேரம். அப்படிக் கழித்துப் பார்த்ததில், பையன்களின் கார்டுகள் எல்லாம் மாலை ஐந்து, ஆறு என்று காட்டின. பெயரில்லாத அந்தக் கார்டு மட்டும் பகல் பதினொரு மணி, பதினொன்றரை மணி. நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன். பள்ளி நடக்கும் நேரம்! அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து 'கிரிக்கெட் 07' ஆடியவன் யார்? கோப்பு அதைச் சொல்லாது. ஆட்டம் ஓடினால்தான் தெரியும். ஆட்டம் ஓட இனி எமுலேட்டர் ஒன்றே வழி.

எமுலேட்டர் என்பது வேடதாரி. ஒரு கணிப்பொறி மற்றொரு பொறியின் வேடம் பூண்டு, அந்தப் பொறிக்கென்று எழுதிய நிரலை ஏமாற்றி ஓட வைக்கும். இது ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமும் அன்று. 1964-இல் ஐ.பி.எம். தன் 360 வரிசையை அறிவித்தபோது, பழைய 1401 பொறிக்கு எழுதிய நிரல்களை வாடிக்கையாளர் தூக்கி எறிய மறுத்ததால், புதியதையே பழையதாக நடிக்க வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 2-க்கு இன்று பெரிதும் வழங்குவது பி.சி.எஸ்.எக்ஸ்.2 என்னும் இலவச நிரல், 2002 முதல் பல நாட்டு ஆர்வலர்கள் எழுதி வருவது, அதன் 2.0 பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. இத்தகைய வேடத்தைச் சட்டம் ஒப்புமா என்பதும் ஒருமுறை வழக்காகிவிட்டது. முதல் பிளேஸ்டேஷனின் வேடம் பூண்ட நிரல் ஒன்றைப் பற்றிச் சோனி தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் கனெக்டிக்ஸ் என்ற எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இனி அந்த ஏழு மடங்குக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டு டி.வி. முறையில் ஆட்டம் நொடிக்கு 50 முறை திரையைத் தீட்ட வேண்டும். அதாவது ஒரு தீட்டலுக்கு 20 மில்லி நொடி. அந்த 20 மில்லி நொடிக்குள் பழைய மூளை 59 லட்சம் முறை துடிக்கும். என் மடிக்கணினி 4 கோடி முறைக்குச் சற்று மேல் துடிக்கும். பழையதன் ஒரு துடிப்புக்கு நம் கையில் ஏழு துடிப்பு உண்டு என்பது இதன் பொருள். ஏழு போதும் என்று தோன்றும். ஆனால் பழைய மூளை பேசும் மொழி வேறு. நம் சில்லு பேசும் மொழி வேறு. நடுவே ஒரு துபாஷி வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் அந்தந்த நேரம் மொழிபெயர்த்தால் நூறு துடிப்பும் போதாது. ஆகவே துபாஷி கெட்டிக்காரத்தனமாக, ஒருமுறை பெயர்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அதே பகுதி மறுபடி வந்தால் ஏட்டிலிருந்து படித்துவிடுகிறார். அதனால்தான் ஏழை வைத்துக்கொண்டு கனவாவது காண முடிகிறது.

துபாஷியோடு தொல்லை முடியவில்லை. பிளேஸ்டேஷன் 2-வுக்குள் இருப்பது ஒரு மூளை அன்று, ஒரு மேளக் கச்சேரி. முதன்மை மூளைக்குப் பக்கத்தில் வடிவக் கணக்குப் போடும் இரு உறுப்புகள்; படம் தீட்ட நொடிக்கு 14 கோடியே 74 லட்சம் துடிப்புள்ள ஒரு சில்லு; ஒலிக்கு ஒன்று; கையிலுள்ள ரிமோட்டையும் தட்டையும் கவனிக்க ஒன்று. இந்தக் கடைசி ஆள் யாரென்றால் முதல் பிளேஸ்டேஷனின் மூளையேதான்! அண்ணன் பொறியின் தலையைத் தம்பியின் வயிற்றில் வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் மற்றவருக்குக் காத்திருந்து, தாளம் பிசகாமல் வாசிக்கிறார்கள். வேடதாரியோ ஏறக்குறையத் தனி ஆள். ஒரே ஆள் நாகசுரத்தை ஊதி, தவிலுக்கு ஓடி இரண்டு தட்டுத் தட்டி, ஒத்தைப் பிடித்து, ஜால்ராவையும் போட்டுவிட்டு, ராகம் அறுபடாமல் மறுபடி நாகசுரத்துக்கு வர வேண்டும் என்றால் அவர் எவ்வளவு விரைவாக ஓட வேண்டும்!

"கூடுதல் ஆள் போடலாமே, இன்றைய சில்லில் நான்கு கரு, எட்டுக் கரு இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். படம் தீட்டுவதை ஒரு கருவிடமும், வடிவக் கணக்கில் ஒன்றை மற்றொரு கருவிடமும் ஒப்படைக்கலாம், ஒப்படைக்கிறார்கள். அதற்கு மேல் பிரித்தால், ஒருவர் மற்றவரைக் கேட்டுக் கேட்டு வாசிப்பதிலேயே நேரம் போய்விடும். ஆகவே பதினாறு கருக்கள் உள்ள விலையுயர்ந்த சில்லைவிட, ஒரே கரு மிக விரைவாக ஓடும் மலிவான சில்லு இங்கே மேல்.

எனக்கு மிகவும் பிடித்த தொல்லை ஒன்று இருக்கிறது. அந்த வடிவக் கணக்கு உறுப்புகளுக்கு முடிவிலி என்ற எண்ணே தெரியாது! எண் பெரிதாகிப் பெரிதாகிப் போனால் தான் அறிந்த மிகப் பெரிய எண்ணில் போய் நின்றுவிடும். நம் கணிப்பொறிகளோ 1985-இல் வகுத்த பொது விதிப்படி முடிவிலியையும், 'எண்ணே அன்று' என்ற ஒன்றையும் அறிந்தவை. ஆட்டத்தை எழுதியவர் முடிவிலி இல்லாத உலகை நம்பி எழுதியிருப்பார். ஆகவே வேடதாரி தான் கற்ற கல்வியை மறந்து, கணக்குப் போட்டபின் விடையைப் பிடித்து இழுத்து வரம்புக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் துடிப்புகள் செலவு. தெரிந்ததைத் தெரியாதது போல நடிப்பது எவ்வளவு உழைப்பு என்பதை உறவினர் வீட்டுத் திருமணங்களில் நாம் அனைவரும் அறிந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். படம் தீட்டும் சில்லின் உள்ளே வெறும் 4 மெகாபைட் நினைவகம்தான். ஆனால் சில்லும் நினைவகமும் ஒரே துண்டில் இருப்பதால், நொடிக்கு 48 கிகாபைட் அளவு போக்குவரத்து நடக்கும். பத்தாண்டுக்கு முந்தைய சாதாரண மேசைக் கணிப்பொறியின் நினைவகம் இரட்டைப் பாதையிலும் நொடிக்கு 25.6 கிகாபைட்தான் தரும். பழசு எல்லா வகையிலும் சிறிது என்பது பொய்.

இத்தனையும் சேர்ந்து என் மடிக்கணினியில் கிடைத்த பலன்: 50-க்கு 27. அதுவும் முதல் பத்து நிமிடம். பாத்ரோ மாதப் புழுக்கத்தில் சில்லு கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைக் குறைத்துக்கொண்டதும் 19. மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தேன். கணினிக்கடியில் இரண்டு செங்கல் கொடுத்தேன். "கீ கொர்ச்சோ?" என்று மாஷிமா எட்டிப் பார்த்துவிட்டு, நான் சமையல் செய்யவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார். மடிக்கணினியை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லூரிப் பாடமெல்லாம் அதில்தான் எழுதினேன். வேடம் கட்டுவதற்கென்று அதைச் செய்யவில்லை.

வேடத்தின் நுட்பம் கூடக் கூட விலையும் கூடுகிறது என்பதற்கு வேறோர் இடத்தில் தெளிவான சான்று உண்டு. அப்பாவின் கடைக்கும் முந்தைய தலைமுறையில், நம் ஊர்களில் 'டி.வி. கேம்' என்று வந்தவை நின்டெண்டோவின் 1983-ஆம் ஆண்டுப் பொறியின் நகல்கள். கேசட்டைச் செருகினால் 'மாரியோ', 'கான்ட்ரா'. அந்தப் பொறியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். 1997-இல் நெஸ்டிகிள் என்ற எமுலேட்டர் 25 மெகாஹெர்ட்ஸ் போதும் என்றது. பின் வந்த துல்லியமான எமுலேட்டர்களோ 800, 1,600 மெகாஹெர்ட்ஸ் கேட்டன! அடுத்த தலைமுறைப் பொறிக்கு 2004 முதல் பி.எஸ்.என்.இ.எஸ். என்ற எமுலேட்டரை எழுதி வந்த, பையூ என்ற புனைபெயருடையவர், குறையில்லாத வேடத்துக்கு 3 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று 2011-இல் ஒரு கட்டுரையில் வாதாடினார். முந்தையவர்கள் குறுக்கு வழியில் போனார்கள். பெயர் பெற்ற ஆட்டங்கள் மட்டும் ஓடினால் போதும் என்று விட்டார்கள். 'ஏர் ஸ்ட்ரைக் பேட்ரல்' என்று யாரும் பெரிதாகக் கொண்டாடாத ஓர் ஆட்டம். அதில் விமானத்தின் நிழல் தரையில் விழும். குறுக்கு வழி எமுலேட்டர்களில் விமானம் பறக்கும், நிழல் விழாது. அந்த ஒரு நிழலை விழ வைக்க, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உரிய கணத்தில் தீட்ட வேண்டும். பையூ 2021-இல் மறைந்தார். நிழல் விழுகிறது.

யாரும் கொண்டாடாத ஆட்டம் என்றதும் எங்கள் தட்டுக் கட்டில் இருந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 'தேசி அட்டா' என்று ஹைதராபாதில் எழுதப்பட்டு 2009-இல் வந்தது. கபடி, பட்டம், கில்லி ஆகியவை பிளேஸ்டேஷன் 2-இல்! அதே ஆண்டு 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற ஆட்டமும் இந்தியாவிலேயே எழுதப்பட்டு வந்தது. கடையில் இருந்த தட்டுகளில் அசல் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவை சிலவே. 'தேசி அட்டா' அவற்றுள் ஒன்று. பையன்கள் தொடவேயில்லை. "கில்லி ஆடக் காசு குடுப்பானேன், அண்ணாச்சி?" என்று சிரித்தார்கள். நியாயந்தான். ஆனால் உலகம் முழுதும் ஆடிய ஆட்டங்களைக் காக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் கில்லிக்கு யார்?

மாலையில் கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் போய்ப் பாருங்கள். கோட் போட்டவரும் கைலி கட்டியவரும் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். மேலே பேருந்து அதிரும். ஒருவரும் தலை நிமிர்வதில்லை. அந்த ஆட்டத்துக்குப் பொறி வேண்டாம், விதி போதும். எங்கள் பொறி ஆட்டங்களின் கேடு, அவை தாம் பிறந்த பொறியோடு கட்டுண்டு கிடப்பது. இது ஆட்டத்துக்கு மட்டும் நேர்ந்த கேடும் அன்று. தாக்குரியா பாலத்தைத் தாண்டினால் வரும் ஜாதவ்பூரில், அப்பல்கலைக் கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் சேர்ந்து கட்டிய ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற கணிப்பொறி 1966-இல் இயங்கத் தொடங்கிற்று. அதற்கென்று இரவும் பகலும் உட்கார்ந்து நம்மைப் போன்ற மாணவர்கள் எழுதிய நிரல்களைக் காகிதத்தில் கண்டெடுத்தால்கூட ஓட்டிப் பார்க்கப் பொறி ஏது?

2025 டிசம்பரில் என் கையில் சேர்ந்திருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரும் செலவு, அல்லது பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று. வீட்டில் சொன்னேன். அம்மா பேசவில்லை. "அந்தக் குப்பைக்காகவா நீ வராம இருக்கப் போறே?" என்றார் அப்பா. மூன்று நாள் யோசித்தேன். பெயரில்லாத கார்டின் பகல் பதினொரு மணி என்னை விடவில்லை. நான்காம் நாள் கரியாஹாட் மோரில் ஷேர் ஆட்டோ ஏறி, காளிகாட்டில் மெட்ரோ பிடித்து, சாந்தினி சௌக்கில் இறங்கினேன்.

சாந்தினி சந்தில் பத்துக் கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாரும் முதலில் காட்டியது வண்ண விளக்கு எரியும் கிராபிக்ஸ் கார்டு. "திதி, தம்பிக்கா?" என்று கேட்டார் ஒருவர். எனக்கே என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். படத்தை அதன் பிறவி அளவிலேயே பார்ப்பதாயிருந்தால் பெரிய கார்டு தேவையில்லை. அகலம் உயரம் இரண்டையும் இரட்டித்துப் பார்க்க ஆசைப்பட்டால் நான்கு மடங்குப் புள்ளிகள் தீட்ட வேண்டும், அப்போதுதான் கார்டின் கையை எதிர்பார்க்க வேண்டும். நம் தேவை விரைவான ஒரே கரு. கடைசியில் அமைந்தது, ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு பெட்டி: 2014-ஆம் ஆண்டின் ஐ-5 சில்லு, 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். 8 கிகாபைட் நினைவகம். தட்டுப் படிக்கும் டிரைவ் ஒன்று. இதுபோல வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: எஸ்.எஸ்.இ. 4.1 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத சில்லு பக்கத்திலேயே வரக்கூடாது; ஏ.வி.எக்ஸ்.2 இருந்தால் நலம். மற்றவையெல்லாம் கடைக்காரர் பேச்சு.

பொங்கலன்று, லேக் மார்க்கெட்டில் வாங்கிய கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெட்டியை இயக்கினேன். 'கிரிக்கெட் 07'-இன் அசல் தட்டு ஒன்றைப் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கி வைத்திருந்தேன். 50-க்கு 50! கூட்டம் முழுதும் திரையில் வரும் இடங்களில் 44-க்கு இறங்கிற்று, பாதகமில்லை. பெயரில்லாத கார்டின் கோப்பைச் செருகினேன். ஒரு டெஸ்ட் பந்தயம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். நான்காம் நாள். இந்தியா வெற்றி பெற இன்னும் 112 ரன்; கையில் நான்கு விக்கெட். பையன்கள் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆடுகிறவர்கள். ஐந்து ஓவர், பத்து ஓவர் பந்தயம் தவிர அவர்கள் வேறு ஆட மாட்டார்கள். ஐந்து நாள் டெஸ்டை வார நாள் பகலில் அமர்ந்து பொறுமையாக ஆடக்கூடியவர் அந்தக் கடையில் ஒருவர்தான் இருந்தார்.

வீடியோவில் அழைத்து, செல்பேசியைத் திரைக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது எம்புட்டுல நின்னுச்சு?" என்றார்.

"நூத்திப் பன்னெண்டு வேணும்ப்பா. நாலு விக்கெட்டு இருக்கு."

"ஆமா... அன்னைக்குத்தான் கடன்காரரு வந்தாரு." பிறகு, "ஒங்கம்மாகிட்டச் சொல்லாதே" என்றார். அம்மா அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்; சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பால் போனதை நான் பார்த்தேன். எட்டு வருசம் வீணாப் போச்சு என்ற பேச்சு அன்று எழவில்லை. அடுத்த வாரமும் எழவில்லை. அதற்குப் பிறகு எழலாம், யார் கண்டார்கள்?

'பேக்கரி'யின் கோப்பிலிருந்த அவர் அணியைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். இப்போது கடையை அவர்தான் நடத்துகிறார். மறுநாளே ஒரு கிலோ பப்ஸோடு எங்கள் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, நம்ம டீமு இன்னும் உசுரோட இருக்கு" என்று அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்துவிட்டுப் போனாராம். 'டெய்லர் மகன்' துபாயில் இருக்கிறார், எண் கிடைத்தது, எழுத வேண்டும். வெறுமையாக வந்த '10-பி' கார்டை அப்பா விடவில்லை. "இன்னொரு தடவை பாரு. அவங்க ஆறு பேரு சேர்ந்து வாங்குன கார்டு அது" என்கிறார். படிக்கும் மின்னழுத்த எல்லையைச் சற்று மாற்றி வைத்து, கசிந்தது போக மிஞ்சிய மின்சுமையை அறிய முடியுமா என்று ஆய்வகத்து மூத்தவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். சில்லைக் கார்டிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். நம் அன்பர்கள் எவரிடமேனும் பயன்படாத பழைய மெமரி கார்டு இருந்தால், கழற்றிப் பழகிப் பார்க்கக் கொடுத்து உதவுங்கள்.

மே மாதம் பெட்டியோடு ஊருக்குப் போகிறேன். மிச்சமுள்ள 112 ரன்னைத் தானே எடுக்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். என்னைத் தொடக்கூடாது என்று ஆணை. புதிய ரிமோட் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கடையில் இருந்த பழையதுதான் கைக்கு வசமாம். அதன் முனையை யு.எஸ்.பி.க்கு மாற்றும் கம்பி ஒன்று வேண்டும். சாந்தினியில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டேன், இல்லை. இந்தச் சனிக்கிழமை கிதிர்பூர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.